கேட் போனில் வந்த கேள்வி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியின் இணையதளத்துக்கு நானே ஒரு சான்றிதழ் தயாரித்து, அதில் நானே கையெழுத்தும் போட்டேன். ‘இந்தத் தளம் உண்மையானது, இப்படிக்கு இதே தளம்’ என்பதுதான் அதன் சாரம். போட்டு முடித்தபோது அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. தளத்தின் முகவரியில் http-க்குப் பக்கத்தில் ஒரு எஸ் கூடுதலாக வந்து உட்கார்ந்ததும் எழுந்து போய் டீ குடித்தேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குத் தகடு அழுத்தித் தரும் பிரஸ் கம்பெனி அது. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலம். நான் அங்கே கம்ப்யூட்டர் ஆள். சம்பளச் சீட்டு அடிப்பது, வைரஸ் எடுப்பது, இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நான்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அந்த பிரிண்டருக்கும் ஏழாம் பொருத்தம்.

ஜெர்மனியில் ஒரு பெரிய கம்பெனி எங்களிடம் பாகங்கள் வாங்க யோசித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய வரைபடங்கள் எங்கள் தளத்தின் வழியாக வரவேண்டும், வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டி வரவேண்டும் என்பது நிபந்தனை. நான் கையெழுத்துப் போட்ட சான்றிதழை அவர்களுடைய கம்ப்யூட்டர் பார்த்தது. பெரிய எச்சரிக்கை காட்டியது. மறுநாள் மெயில் வந்தது. உங்களுக்கு நீங்களே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள், இதை ஏற்க முடியாது, அடுத்த மாதம் முதல் வியாழனுக்குள் முறையான சான்றிதழ் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையான இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள்.

எம்.டி. என்னைக் கூப்பிட்டார். முதலாளியை நாங்கள் எல்லாரும் எம்.டி. என்றுதான் சொல்வோம். சேலத்துக்காரர். மெயிலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்ப்பா, நம்ம கம்பெனிக்கு நாமளே கையெழுத்து போட்டா செல்லாதா?”

“மார்க் ஷீட் காப்பில நம்மளே அட்டெஸ்ட் பண்ணிக்கிட்டா ஒத்துக்குவாங்களா சார்? கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில போட்டாத்தானே செல்லும். அந்த மாதிரிதான் இதும்.”

“அப்ப இதுக்குப் பச்ச மை ஆபீசர் யாரு?”

“அதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு சார். அமெரிக்காவுல.”

“கழுத, ஒரு பூட்டுக்கு அமெரிக்கா போவணுமா! நீ திண்டுக்கல்காரன்தானே, ஒரு பூட்டு பண்ணத் தெரியாதா உனக்கு?”

இந்தக் கிண்டலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. திண்டுக்கல்லில் பிறந்தவன் எல்லாம் தொட்டிலிலேயே பூட்டுச் செய்வான் என்று ஓசூரில் ஒரு நம்பிக்கை. என் அப்பா பஸ் கண்டக்டர். எங்கள் வீட்டுப் பூட்டே கடையில் வாங்கியது. ஆனாலும் அன்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஏனென்றால் எம்.டி. அடுத்த வாக்கியத்தில், “அவங்க சொன்ன வியாழக்கிழமைக்குள்ள அந்தப் பூட்டைக் கொண்டாந்து மாட்டு. உன் பெர்மனென்ட் விஷயத்தப் பேசி முடிச்சிடுவோம்” என்றார்.

அந்த ‘பெர்மனென்ட் விஷயம்’ இரண்டு வருஷமாகப் பேசி முடிக்கப்படாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்தால் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் “பெர்மனென்ட் ஆயிடுச்சாடா?” என்பாள். எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அது இல்லாமல் தட்டு மாற்ற மாட்டோம் என்று சொல்லியும் விட்டார்கள்.

சரி, பூட்டு என்றால் என்ன பூட்டு என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன். வேலைக்குத் தேவையான அளவு படித்திருந்தால் அரை நாள் போதும். என் புத்தி அப்படி இல்லை. இணையத்திலிருந்து பக்கம் பக்கமாக பிரிண்ட் எடுத்து, ரூமுக்குக் கொண்டுபோய், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டு சாவி என்றார்கள். ஒன்றை ஊருக்கே கொடுத்துவிட வேண்டுமாம். இன்னொன்றை யார் கண்ணிலும் காட்டக் கூடாதாம். ஊருக்குக் கொடுத்த சாவியால் பூட்டினதை அதே சாவியால் திறக்க முடியாதாம். இது என்ன கூத்து என்று மூன்று நாள் மண்டை காய்ந்தது. பூட்டின சாவி திறக்காமல் எப்படிப் போகும்?

நான்காம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது புரிந்தது. ஊருக்குக் கொடுப்பது சாவியே இல்லை, திறந்த பூட்டு. அமுக்கினால் க்ளிக் என்று மூடிக்கொள்ளும் பூட்டு. யார் வேண்டுமானாலும் அமுக்கலாம், சாவி வைத்திருப்பவன் மட்டும் திறக்கலாம். வாயில் நுரையோடு “அட, பூட்டைத்தான்டா கொடுக்குறான்!” என்று கத்தினேன். ரூமில் இருந்த திருநெல்வேலிக்காரன், “ஏல, காலங்காத்தால கிறுக்கு பிடிச்சிட்டாலே ஒனக்கு?” என்றான்.

அவனை விடவில்லை. பதினேழையும் இருபத்துமூன்றையும் பெருக்கச் சொன்னேன். சட்டையில் தொங்கிய பேனாவால் கையில் எழுதி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்றான். இப்போது நான் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றை மட்டும் சொல்லி, எந்த இரண்டைப் பெருக்கினேன் என்று கேட்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்றேன். யோசித்தான். “கொஞ்ச நேரம் ஆவும்லா” என்றான். அந்த எண் ஒரு பக்க நீளம் இருந்தால்? உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஆயுசு போதாது. அந்தக் கொஞ்ச நேரத்தை நீட்டி நீட்டிச் செய்த பூட்டுதான் இது. பெருக்கல் வாய்ப்பாட்டுக்குள் இப்படி ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. சாயங்காலம் ஷிப்ட் வேனுக்காக கேட்டில் நிற்கும்போது செக்யூரிட்டி அக்காவிடம் சொன்னேன். உத்தனப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வருகிறவர். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களிடம் தமிழ், போனில் வேண்டிய அளவுக்கு இங்கிலீஷ். கேட்டில் வண்டிக்கு ரசீது போடுவதும், கம்பெனி போன் அடித்தால் எடுத்து உள்ளே இணைப்பதும் அவர் வேலை. முன்பு தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போனவராம்.

பூட்டுக் கதையை முழுசாகக் கேட்டார். ஒரு லாரிக்கு ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு வந்து கேட்டார்.

“பூட்டு நல்லாத்தான் இருக்குது சார். ஆனா அது உங்க பூட்டுதான்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்? நடுவுல ஒருத்தன் நின்னுக்கிட்டு, உங்களோடத எடுத்து வெச்சுக்கிட்டு அவன் பூட்ட நீட்டுனா?”

நான் வாயைப் பிளந்தேன். பிரிண்ட் எடுத்த காகிதத்தில் நாற்பதாம் பக்கத்தில் வந்த சந்தேகம் அது.

“அதுக்குத்தான் அக்கா சான்றிதழ். இந்தப் பூட்டு இன்ன கம்பெனியோடதுன்னு மூணாவது ஆள் ஒருத்தன் விசாரிச்சு எழுதித் தருவான்.”

“அப்ப அவன நம்பணும்.”

“ஆமா.”

“அவன யாரு விசாரிச்சாங்க?”

மறுநாள் போய் இதற்குப் பதில் தேடினேன். உலாவியின் உள்ளே, நான்கு பொத்தான்களுக்கு அப்பால், ஒரு நீளமான பட்டியல் இருந்தது. இன்னின்னார் கையெழுத்தை நம்பலாம் என்று அந்த மென்பொருள் செய்தவர்களே உள்ளே வைத்து அனுப்பிய பட்டியல். அதில் ஒரு பெயரும் எனக்குத் தெரியாது. இத்தனை நாளாக என் சார்பில் அத்தனை பேரை யாரோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். விநோதமாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

பிறகு அந்தப் பட்டியலில் இருந்த ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். ஊர் என்ற கட்டத்தில் ஓசூர் என்று எழுதியதைப் பார்த்து எம்.டி., “பெங்களூர்னு போடுப்பா, வெள்ளக்காரனுக்கு அதான் தெரியும்” என்றார். கரண்ட் பில்லில் ஓசூர்தானே சார் இருக்கிறது, அவர்கள் பில்லைக் கேட்பார்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டார். விண்ணப்பிக்கும் அலுவலர் என்ற இடத்தில் என் பெயர், பதவி ‘சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’. அந்தப் பதவியை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். கம்பெனிப் பதிவு, கரண்ட் பில் எல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

வியாழனுக்கு ஆறு நாள் இருக்கும்போது பதில் வந்தது. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. காரணம் ஒரே வரி. விண்ணப்பித்தவர் இந்த நிறுவனத்தில் வேலை செய்வதாக உறுதிசெய்ய முடியவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருஷமாக இதே நாற்காலியில் உட்கார்ந்து குஷனே கிழிந்துவிட்டது. நான் இங்கே வேலை செய்யவில்லையாம்! கீழே சின்ன எழுத்தில் மீதி விவரம் இருந்தது. அவர்கள் நாம் கொடுக்கும் நம்பருக்குப் பேச மாட்டார்கள். ஏமாற்றுக்காரன் தன் நம்பரைத் தானே கொடுக்கலாம் இல்லையா? டெலிபோன் டைரக்டரியில் கம்பெனி பெயருக்கு எதிரில் இருக்கும் நம்பரைத் தேடி எடுத்து, அதில்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். திங்கட்கிழமை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். டைரக்டரியில் இருக்கும் எங்கள் நம்பர் கேட்டில் அடிக்கும்.

ஓட்டமாகக் கேட்டுக்குப் போனேன். அக்கா ஒளிக்கவில்லை.

“ஆமா சார், நேத்து மத்தியானம் வந்துச்சு. இங்கிலீஷு. உங்க பேரச் சொல்லி, இவரு உங்க கம்பெனி எம்ப்ளாயியான்னு கேட்டான். நோட்டப் பாத்தேன். இல்ல. நோ சார்னுட்டேன்.”

“என்னைத் தெரியாதாக்கா உங்களுக்கு? தினம் இங்கதானே நின்னு பேசிக்கிட்டிருக்கேன்!”

“உங்களத் தெரியும் சார். அவன் தெரியுமான்னா கேட்டான்? எம்ப்ளாயியான்னு கேட்டான்.”

சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது, படிக்காதவங்களப் போன்ல உக்கார வெச்சா இப்படித்தான் என்கிற வரைக்கும் போனேன். அவர் இரண்டு நோட்டுகளை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தார். நீல அட்டை நோட்டு கம்பெனி ஆட்களுக்கு. சிவப்பு அட்டை நோட்டு கான்ட்ராக்ட் ஆட்களுக்கு. என் பெயர் சிவப்பு நோட்டில், நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு கான்ட்ராக்டர் பெயருக்குக் கீழே இருந்தது. எதிரில் வேலை என்ற இடத்தில் ‘ஹெல்பர்’.

போனுக்கு மேலே சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘தொலைபேசியில் எவரைப் பற்றி விசாரித்தாலும் நீல நோட்டில் உள்ளவர் மட்டுமே கம்பெனி ஊழியர் என்று சொல்லவும். உத்தரவு, நிர்வாகம்.’ போன வருஷம் ஒரு கான்ட்ராக்ட் ஆளுக்கு பிரஸ்ஸில் இரண்டு விரல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து, அவன் உறவுக்காரர்களிடமிருந்து, வக்கீலிடமிருந்து என்று போன் மேல் போன் வந்தது. அப்போது போட்ட உத்தரவு. அதை டைப் அடித்து, பெரிய எழுத்தாக்கி, பிரிண்ட் எடுத்து, பசை தடவி அங்கே ஒட்டியவன் நான்தான். ஒட்டும்போது ஓரம் கோணலாகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன். அவர் அக்காவை மேலே வரச் சொன்னார்.

“இங்க பாரும்மா, அந்த ஆளு திரும்பக் கூப்பிடுவான். ஆமான்னு சொல்லு, முடிஞ்சுது.”

“நோட்டுல பேரு இல்லாம எப்பிடி சார் சொல்றது?”

“நான் சொல்றேன்ல.”

“நாளைக்கு லேபர் ஆபீசர் வந்தா இதே நோட்டத்தான் சார் காட்டணும். போன்ல ஒண்ணு, நோட்டுல ஒண்ணுன்னா என்னத்தான் கேப்பாங்க. நீல நோட்டுல பேரு ஏத்துங்க சார், நூறு தடவ வேணாலும் சொல்றேன்.”

எம்.டி. என்னைப் பார்த்து, “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாங்கறது சரியாத்தான்யா இருக்குது” என்றார். வேறு யார் பெயரிலாவது விண்ணப்பத்தை மாற்றலாமா என்று கேட்டார். மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து, பத்து நாள் ஆகும் என்றேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்ட மாதிரி அதற்கு முன் அடித்ததில்லை.

அவர் ஜன்னலைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். பிறகு இன்டர்காமில் பர்சனல் ஆபீசரைக் கூப்பிட்டார். கால் மணி நேரத்தில் வேலை நியமனக் கடிதம் அடித்து வந்தது. பிரிண்டர் அன்று ஒருமுறைகூடச் சிக்கவில்லை. நீல நோட்டில் கடைசி வரியில் அவரே தன் கையால் என் பெயரை எழுதினார். இரண்டு வருஷமாக நடக்காதது, எங்கேயோ இருக்கும் ஒருவன் ஒரு கேள்வி கேட்டதும் கால் மணி நேரத்தில் நடந்தது. படி இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார், கோவத்துல பேசறதுதான்” என்றார். பேர் ஏறினதற்கு ஸ்வீட் எங்கே என்று கேட்டார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. நான் எட்டரையிலிருந்து கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். அக்கா ரிசீவரை எடுத்து வழக்கம்போலக் கம்பெனி பெயரைச் சொன்னார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நீல நோட்டைத் திறந்து என் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டார். கண்ணுக்கு எதிரில் நான் நின்றாலும், விரல் நோட்டில்தான் இருந்தது.

“எஸ் சார். ஹி இஸ் வொர்க்கிங் சார். எஸ், கம்பெனி எம்ப்ளாயி.”

எனக்குப் பெருமூச்சு வந்தது. ஆனால் போன் முடியவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறியது. ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

“சொல்றது யாருன்னு கேக்கறான் சார். பேரு சொல்லிட்டேன். நீங்களும் கம்பெனி எம்ப்ளாயிதானேன்னு கேக்கறான்.”

செக்யூரிட்டி முழுவதும் கான்ட்ராக்ட். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒன்பது வருஷமாக அந்த கேட்டில் உட்கார்ந்திருந்த அக்காவின் பெயர் சிவப்பு நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. எம்.டி.க்கு எதிரில் நின்று இல்லாததைச் சொல்ல மாட்டேன் என்றவர். இப்போது பொத்திய போனோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று அவர் சொன்னால் அவர் சொன்ன சாட்சி செல்லாது. சாட்சி செல்லாவிட்டால் பூட்டு இல்லை, ஆர்டர் இல்லை, மை காயாத என் பெயர் நீல நோட்டில் எத்தனை நாள் இருக்கும் என்பதும் தெரியாது.

நான் தலையை ஆட்டினேன். ஆமான்னு சொல்லுங்க என்று.

அவர் ரிசீவரின் வாயிலிருந்து கையை எடுத்தார். “எஸ் சார்” என்றார். அப்போது அவர் விரல் எந்த நோட்டிலும் இல்லை.

புதன்கிழமை சான்றிதழ் வந்தது. ஏற்றினேன். உலாவியின் அடியில் வலது மூலையில் சின்னதாக மஞ்சள் பூட்டு விழுந்தது. எம்.டி. ஆபீசில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். லட்டு வந்தது. ஜெர்மனிக்காரர்களிடமிருந்து ‘நன்று’ என்று மெயில் வந்தது. மாற்று ஆளை கேட்டில் நிறுத்திவிட்டு அக்காவும் வந்து பார்த்தார். நான் மவுஸால் பூட்டின் மேல் இரண்டு முறை தட்டினேன், சான்றிதழ் விரிந்ததும் குனிந்து பார்த்தார்.

“இவ்ளோதானா சார்? இதுல யாரு பேரெல்லாம் இருக்குது?”

“கம்பெனி பேர்தான் அக்கா. கீழ, கையெழுத்து போட்டவன் பேரு.”

“என் பேரு எங்கயாச்சும் வருதா?”

“இல்லக்கா.”

“அப்ப சரி. பொய் சொன்னவ பேரு வராம இருந்தா போதும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒரு லட்டை எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார்.

எம்.டி. என் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்த மனிதர், அந்த நிமிஷம் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். நீல நோட்டில் இன்னொரு வரி எழுத அரை நிமிஷம் ஆகும். சார், அக்கா பேரையும் ஏத்திடுங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.